டெல்லி மெட்ரோவில் எந்த கார்டு? வாங்கும் முன் கணக்குப் போடுவோம்



2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதிலிருந்து பஸ் சீட்டுக் கணக்கே நமக்கு மறந்து போச்சு. ஆனால் குழுப் பொருளை விற்கவோ, கண்காட்சி பார்க்கவோ, பயிற்சிக்கோ வெளி மாநில நகரத்துக்குப் போகும்போது அந்தக் கணக்கு திரும்பவும் நம்மிடம் வந்துவிடுகிறது. அங்கே ஒரே ரயிலுக்கு மூன்று விதமாகப் பணம் கட்டலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் குழுவின் பணம் இருக்கிறது, சில நேரம் ஒருவருடைய நல்ல பெயரும் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறோம்.

பெட்டிப் பணம் இரண்டாயிரம்

டெல்லியில் பிரகதி மைதானத்தில் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 14 முதல் 27 வரை இந்திய சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சி நடக்கிறது. அதில் சரஸ் அரங்குகள் என்று ஒரு பகுதி உண்டு. நாடு முழுவதிலுமிருந்து சுய உதவிக் குழுப் பெண்கள் வந்து தங்கள் பொருள்களை அங்கே விற்கிறார்கள். 2025 நவம்பரில் நம் குழு ஒன்றிலிருந்து நான்கு பேர் மூன்று நாள் கண்டுணர்வுப் பயணமாக அங்கே போனார்கள். மசாலாப் பொடியும் சிறுதானிய மாவும் செய்கிற குழு அது. மற்ற மாநிலத்துப் பெண்கள் எப்படிப் பொட்டலம் போடுகிறார்கள், என்ன விலை வைக்கிறார்கள் என்று பார்த்து வருவதுதான் நோக்கம்.

புறப்படும் முன் எங்களிடம் கேட்டார்கள், "மெட்ரோ ரயிலுக்கு என்ன கார்டு வாங்கணும்?" என்று. நாங்கள் யோசிக்காமல் சொன்னோம்: "மூணு நாள் சுற்றுலா கார்டு வாங்கிடுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் ஏறலாம், இறங்கலாம்." அந்தக் கார்டு ஒன்று 500 ரூபாய். அதில் 50 ரூபாய் வைப்புத்தொகை, கார்டைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வரும். நான்கு பேருக்கு 2,000 ரூபாய். திரும்பும் நாளில் ஊருக்கு ரயில் பிடிக்கிற அவசரத்தில் கார்டைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துவிட்டார்கள். நான்கு கார்டும் இன்றும் குழுவின் பெட்டியில் கிடக்கின்றன.

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசித்தபோது ஒரு உறுப்பினர் கேட்டார்: "ஊருக்குள்ள சுத்தறதுக்கு மட்டும் ரெண்டாயிரமா?" இன்னொருவர், "தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவைதானே போனீங்க?" என்றார். பொருளாளரிடம் ரசீது இருந்தது. ஒரு பைசா குறையவில்லை. ஆனாலும் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்குச் சுருக்கென்றது. யோசனை சொன்னவர்கள் நாங்கள், பேச்சு வாங்கியது அவர்.

அன்றைக்கே கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறோம்.

மூன்று விதமான சீட்டு

முதலாவது, ஒரு தடவைப் பயணத்துக்கான சீட்டு. கவுன்ட்டரிலோ இயந்திரத்திலோ, போகும் இடத்தைச் சொல்லி வாங்க வேண்டும். தள்ளுபடி கிடையாது.

இரண்டாவது, ஸ்மார்ட் கார்டு. பணம் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் அதிலிருந்து கழிப்பது. இதில் ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. நெரிசல் இல்லாத நேரமாக இருந்தால் இன்னொரு 10 சதவீதமும் கிடைக்கும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரு கார்டை வைத்து இரண்டு பேர் சேர்ந்து உள்ளே போக முடியாது.

மூன்றாவது, சுற்றுலா கார்டு. ஒரு நாளுக்கு 200 ரூபாய், மூன்று நாளுக்கு 500 ரூபாய். இரண்டிலும் 50 ரூபாய் வைப்புத்தொகை. அதைக் கழித்தால் ஒரு நாளுக்கு 150 ரூபாய், மூன்று நாளுக்கு 450 ரூபாய். எப்படிப் பார்த்தாலும் நாளுக்கு 150 ரூபாய்தான். மூன்று நாள் கார்டு என்பதால் மலிவு என்று நினைக்க வேண்டாம். எந்த நேரத்திலும் எத்தனை தடவையும் ஏறலாம் என்பது இதன் வசதி. ஏறாமல் விட்ட நாளுக்குப் பணம் திரும்பாது என்பது இதன் குறை.

டெல்லி மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 25 அன்று கட்டணத்தை மாற்றினார்கள். அதன்படி திங்கள் முதல் சனி வரை:

2 கிலோமீட்டர் வரை 11 ரூபாய்
2 முதல் 5 வரை 21 ரூபாய்
5 முதல் 12 வரை 32 ரூபாய்
12 முதல் 21 வரை 43 ரூபாய்
21 முதல் 32 வரை 54 ரூபாய்
32 கிலோமீட்டருக்கு மேல் 64 ரூபாய்

ஞாயிற்றுக்கிழமையும் தேசிய விடுமுறை நாளும் என்றால் கட்டணம் குறைவு. உதாரணமாக 32 ரூபாய் தூரத்துக்கு 21 ரூபாய், 43 ரூபாய் தூரத்துக்கு 32 ரூபாய். விமான நிலையத்துக்குப் போகும் விரைவுப் பாதைக்கு மட்டும் தனிக் கட்டணம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நேரத்துக்கும் ஒரு விலை உண்டு

இது நமக்குப் புதிது இல்லை. சந்தையில் காலையில் தக்காளி ஒரு விலை, சாயங்காலம் கடை கட்டும்போது ஒரு விலை. சரக்கு அதேதான். வாங்க வரும் கூட்டம்தான் வேறு.

ரயிலிலும் அப்படித்தான். காலையில் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள், சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். அந்த நேரத்துக் கூட்டத்துக்காக நிறையப் பெட்டிகளும் ஓட்டுநர்களும் வேண்டும். மத்தியானம் அதே பெட்டிகள் பாதி காலியாக ஓடுகின்றன. அவசரம் இல்லாதவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனால் கூட்டமும் குறையும், காலி இடமும் நிரம்பும். அதற்காகத்தான் தள்ளுபடி.

டெல்லி மெட்ரோவில் நெரிசல் நேரம் என்று கட்டணத்தை ஏற்றுவதில்லை. நெரிசல் இல்லாத நேரத்துக்குக் குறைக்கிறார்கள். அந்த நேரங்கள் இவை:

காலை முதல் ரயிலிலிருந்து 8 மணி வரை
மதியம் 12 மணி முதல் மாலை 5 மணி வரை
இரவு 9 மணி முதல் கடைசி ரயில் வரை

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2017-இல் இந்தத் தள்ளுபடியை அறிவித்தபோதே, ஏறும் நேரம் இல்லை, கார்டைக் காட்டி வெளியே வரும் நேரம்தான் கணக்கு என்று சொன்னார்கள். முக்கால் மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். காலை 7.30-க்கு ஏறினால் 8.15-க்குத்தான் வெளியே வருவோம். தள்ளுபடி போச்சு. 11.30-க்கு ஏறி 12.15-க்கு வெளியே வந்தால் தள்ளுபடி உண்டு. சாயங்காலம் திரும்பும்போது 4.50-க்கு ஏறுவதில் பயன் இல்லை, 4 மணிக்கே ஏற வேண்டும்.

எத்தனை தடவை ஏறினால் எது லாபம்?

43 ரூபாய் தூரத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரணச் சீட்டு 43 ரூபாய். ஸ்மார்ட் கார்டில் நெரிசல் நேரத்தில் 38 ரூபாய் 70 காசு. நெரிசல் இல்லாத நேரத்தில் 34 ரூபாய் சொச்சம். இப்போது ஒரு நாள் கணக்கு:

இரண்டு தடவை ஏறினால்: சாதாரணச் சீட்டு 86 ரூபாய், ஸ்மார்ட் கார்டில் நெரிசல் நேரம் 77 ரூபாய் சொச்சம், நெரிசல் இல்லாத நேரம் 70 ரூபாய்க்குள். சுற்றுலா கார்டு 150 ரூபாய்.

மூன்று தடவை ஏறினால்: சாதாரணச் சீட்டு 129 ரூபாய். இதுவே 150-க்குக் குறைவு.

நான்கு தடவை ஏறினால்: சாதாரணச் சீட்டு 172 ரூபாய். ஸ்மார்ட் கார்டில் நான்கும் நெரிசல் நேரம் என்றால் 155 ரூபாய்க்குப் பக்கம், நான்கும் நெரிசல் இல்லாத நேரம் என்றால் 140 ரூபாய்க்குள்.

ஐந்து தடவை ஏறினால்: ஸ்மார்ட் கார்டில் எல்லாமே நெரிசல் இல்லாத நேரம் என்றாலும் 170 ரூபாய்க்கு மேல். சுற்றுலா கார்டு அதே 150 ரூபாய்.

ஆக, மூன்று தடவை வரை சுற்றுலா கார்டு வேண்டவே வேண்டாம். ஐந்து தடவை நீண்ட தூரம் என்றால் அதுதான் நல்லது. நான்கு தடவை என்றால் நேரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 32 ரூபாய் தூரம் என்றால் ஸ்மார்ட் கார்டில் ஐந்து தடவை ஏறினாலும் 144 ரூபாய்தான். அப்போது சுற்றுலா கார்டுக்கு ஆறு தடவையாவது ஏற வேண்டும்.

செங்கோட்டை, குதுப் மினார், அக்ஷர்தாம் என்று ஒரே நாளில் சுற்றிப் பார்க்கிறவர்களுக்குச் சுற்றுலா கார்டு சரியாக இருக்கும். பொருட்காட்சிக்குக் காலையில் போய் சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு அது சரிப்படாது.

சில உறுப்பினர்கள் கேட்டார்கள், "வழியில் ரயில் மாறினால் இரண்டு தடவையாகக் கணக்கு வருமா?" என்று. வராது. ராஜீவ் சௌக் போன்ற நிலையத்தில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறலாம். கதவைத் தாண்டி வெளியே வராத வரை அது ஒரே பயணம்தான்.

மூன்று ரூபாய்க்கு அரை நாளா?

இப்போது நம் நான்கு உறுப்பினர்கள் விஷயத்துக்கு வருவோம். தங்கிய இடத்திலிருந்து பொருட்காட்சிக்கு 32 ரூபாய் தூரம். பொருட்காட்சிக்கு இறங்கும் நிலையத்தின் பெயர் சுப்ரீம் கோர்ட். முன்பு பிரகதி மைதான் என்று இருந்ததை மாற்றிவிட்டார்கள்.

கரும்பலகையில் கணக்குப் போடும்போது முதலில் நாங்கள் எழுதியது, "மதியம் 12 மணிக்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தால் இன்னும் மிச்சம்" என்று. உடனே போய் வந்தவர்களில் ஒருவர் எழுந்தார். "ஆளுக்கு மூணு ரூபா மிச்சம் பிடிக்க அரை நாள விடச் சொல்றீங்களா? காலையிலதான் கடைக்காரங்க நின்னு பேசுனாங்க. மத்தியானம் ஆனா கூட்டத்துல வாய் திறக்க நேரம் இல்ல அவங்களுக்கு" என்றார். அவர் சொன்னதுதான் சரி. எழுதியதை அழித்தோம்.

நெரிசல் இல்லாத நேரம் மலிவு என்பதற்காக வேலையைக் கெடுத்துக்கொண்டு அதில் போகக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது, நேரம் நம் கையில் இருக்கிறதா என்பதுதான். காலையில் போகும் நேரம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் திரும்பும் நேரம் இருந்தது. மூன்று நாளும் மாலை 6 மணிக்குத் திரும்பினார்கள். அந்த நேரத்தில் ராஜீவ் சௌக்கில் நிற்கவே இடம் இருக்காது. இரண்டாம் நாள் மூன்று பேர் ஏறிவிட, ஒருவர் நடைமேடையிலேயே நின்றுவிட்டார், கதவு மூடிக்கொண்டது. அவருக்கு இந்தி தெரியாது. கைப்பேசி வேறொருவர் பையில். ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வரும் வரை, நின்ற இடத்தை விட்டு அசையாமல் இருந்தார். "கால் நடுங்கிச்சு, ஆனா நகரல" என்றார் எங்களிடம்.

4 மணிக்கு ஏறியிருந்தால் தள்ளுபடியும் கிடைத்திருக்கும், உட்காரவும் இடம் கிடைத்திருக்கும். இந்த இரண்டில் பெரியது எது என்று அவரைக் கேட்டால் தெரியும். அதே சமயம், இரவு 9 மணிக்கு மேலும் தள்ளுபடி உண்டு என்பதற்காகப் புது ஊரில் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

சரியான கணக்கு இதுதான். ஸ்மார்ட் கார்டு. காலையில் நெரிசல் நேரத்தில் 28 ரூபாய் 80 காசு. மாலை 5 மணிக்குள் வெளியே வந்தால் 25 ரூபாய் சொச்சம். நாளுக்கு 54 ரூபாய் சொச்சம். மூன்று நாளுக்கு நான்கு பேருக்கு ஏறக்குறைய 655 ரூபாய். செலவானது 2,000. வித்தியாசம் 1,300 ரூபாய்க்கு மேல். உறுப்பினருக்கு மாதம் 100 ரூபாய் சேமிப்பு என்றால் பதின்மூன்று பேரின் ஒரு மாதச் சேமிப்பு அது.

"ஸ்மார்ட் கார்டு வாங்காம வெறும் சீட்டே எடுத்திருந்தா?" என்று கேட்டார் ஒருவர். 768 ரூபாய் ஆகியிருக்கும். அதுவும் தப்பில்லை. ஒரே ஒரு நாள், போக வர இரண்டு தடவை என்றால் சாதாரணச் சீட்டே போதும்.

பஸ் விஷயம்

டெல்லியில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசம் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2019 அக்டோபர் 29 முதல் இளஞ்சிவப்புச் சீட்டு என்று கொடுத்தார்கள், எந்த ஊர்ப் பெண்ணும் ஏறலாம் என்று இருந்தது. டெல்லியில் குடியிருக்கும் பெண்களுக்கு மட்டும் கார்டு கொடுத்து அந்தச் சலுகையைத் தொடரப் போவதாக 2025-இல் அங்கே அரசு அறிவித்தது. அதனால் நாம் போகும்போது பஸ்ஸுக்கும் காசு வேண்டும் என்றே திட்டமிடுவோம். இலவசம் என்று நம்பிப் போய் நடத்துநரிடம் சங்கடப்பட வேண்டாம்.

புறப்படும் முன் குழுவில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ரயில் ஏறுவோம்? எத்தனை நாள்?
2. ஒவ்வொரு பயணமும் எவ்வளவு தூரம், சீட்டு எத்தனை ரூபாய்?
3. எத்தனை மணிக்கு வெளியே வருவோம்? அந்த நேரத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறதா?
4. என்ன கிழமை? ஞாயிறா, விடுமுறை நாளா?

இந்த நான்குக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாள் கூட்டுத்தொகை 150 ரூபாய்க்கு மேல் வந்தால் மட்டும் சுற்றுலா கார்டைப் பற்றி யோசியுங்கள். கவுன்ட்டரில் அன்றைய விலையை ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னும் சில குறிப்புகள்:

டெல்லி மெட்ரோவில் ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். 2010 அக்டோபர் 2 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. நெரிசல் நேரத்தில் போக வேண்டி வந்தால் அதிலேயே ஏறுங்கள்.

யாராவது பின்தங்கிவிட்டால், நின்றவர் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும், ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும். இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கையிலும் இறங்கும் நிலையத்தின் பெயரும் மற்றவர்களின் கைப்பேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

ஒருவர் கொண்டுபோகும் பை 25 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. விற்பனைச் சரக்கு மூட்டையோடு மெட்ரோவில் போகத் திட்டமிட வேண்டாம். அதற்கு வேறு வண்டி பேசுங்கள், அந்தச் செலவையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

சுற்றுலா கார்டு வாங்கினால், கடைசியாக இறங்கும் நிலையத்திலேயே திருப்பிக் கொடுத்து 50 ரூபாயை வாங்கிவிடுங்கள். ரயிலுக்கு அரை மணி முன்னதாகக் கிளம்பினால் இதற்கு நேரம் இருக்கும்.

ஸ்மார்ட் கார்டு அப்படி இல்லை, நாள் முடிந்ததும் வீணாகாது. மீதிப் பணத்தோடு கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்து வைத்தால், அடுத்து டெல்லி போகிற குழு எடுத்துப் போகலாம். எடுக்கும்போது எவ்வளவு இருந்தது, திருப்பும்போது எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

தீர்மான நோட்டில் எழுதியது

அந்தக் கூட்டத்தின் முடிவில் ஊக்குநர் தீர்மான நோட்டை எடுத்தார். "கார்டுக்கான செலவு களப் பணியாளர்கள் சொன்ன யோசனையின்படி செய்யப்பட்டது, பொருளாளர் மீது தவறு இல்லை" என்று எழுதச் சொன்னோம். எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பொருளாளர் கடைசியாகப் போட்டார். போட்டுவிட்டு, "இனிமே யாரு யோசனை சொன்னாலும் நான் முதல்ல கூட்டிப் பாப்பேன்" என்றார். எங்களைப் பார்த்துத்தான் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, நான்கு கேள்விகளையும் உங்கள் குழுவின் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியோ, வேறு ஊரோ, அடுத்த பயணத்துக்கு அந்தப் பக்கம் உதவும்.